பகுதி ஆவண மரங்களும் அந்தமான் மொழிப் பதிவுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

1789-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அலுவலரைக் கொண்டு தென் அந்தமானில் ஒரு குடியேற்றத்தை நிறுவியது. அக்காலத்தை ஒட்டி அத்தீவுகளுக்குச் சென்ற நில அளவையாளர் இராபர்ட் கோல்புரூக், தாம் கண்ட தீவுமக்களிடமிருந்து சில சொற்களைக் கேட்டெழுதினார். அச்சிறு பட்டியல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழின் நான்காம் தொகுதியில் அச்சாயிற்று. அந்தமான் மொழியின் சொற்கள் என்ற பொதுப்பெயரிலேயே அது நெடுங்காலம் அறிஞரிடையே வழங்கி வந்தது.

குடியேற்றம் 1796-இல் கைவிடப்பட்டது. 1858-இல் தண்டனைக் குடியிருப்பு அமைந்த பின்னரே அத்தீவுமக்களோடு ஆங்கிலேய அலுவலர்க்கு நீடித்த தொடர்பு ஏற்பட்டது. எட்வர்ட் ஹோரேஸ் மேன், மோரிஸ் விடால் போர்ட்மன் முதலியோர் போர்ட் பிளேரைச் சூழ வாழ்ந்த ஆக்கா-பேயா மக்களின் மொழியைத் திரட்டலாயினர். அவ்வாறு திரட்டிய சொற்களோடு கோல்புரூக்கின் சொற்கள் பொருந்தவில்லை. முன்னவர் தவறாகக் கேட்டார் என்று கொள்வது எளிதாக இருந்திருக்கும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உண்மை வெளிப்பட்டது: கோல்புரூக் கேட்டது ஜாரவா மக்களின் மொழி. அது ஓங்கி மொழியோடு சேர்ந்த ஒரு தனிக் குடும்பத்தினது. பெரிய அந்தமானியம் எனப்படும் பத்து மொழிகளின் குழுவோடு அதற்கு உறவு இருப்பதாக இன்றளவும் நிறுவப்படவில்லை.

சொற்களைக் கேட்டதில் பெரும் பிழை இல்லை, அச்சிட்டதிலும் இல்லை. சொற்களுக்கு மேலே நின்றிருக்க வேண்டிய செய்தியே, அதாவது எக்குழுவினர், எம்மொழியினர் என்பதே, உடன் வரவில்லை. கணிப்பொறி வல்லுநர் பிற்காலத்தில் 'பகுதி ஆவண மரம்' என்று பெயரிட்டு விவாதித்த சிக்கல் இதுவே. எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு மொழிக்கான நிரல் நூலகங்கள் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டன என்ற வரலாறு, அகராதித் தொகுப்பாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தொலைவான செய்தியன்று. அழிந்த மொழிகளின் எச்சங்களைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் நூலகத்தை வடிவமைத்தவரின் முடிவுகளை அறிந்தோ அறியாமலோ ஏற்றுக்கொள்கின்றனர்.

மரமும் துண்டும்

மொழியியலார் தொடரமைப்பு மரத்தை நன்கறிவர். ஒரு வாக்கிய மரத்திலிருந்து பெயர்த்தொடரை மட்டும் பிரித்தெடுத்துக் கரும்பலகையில் வரைந்து ஆராய்வதில் எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை. வாக்கியம் இல்லாத பெயர்த்தொடர் 'தவறான மரம்' என்று எவரும் சொல்வதுமில்லை. ஆவண மரத்தில் நிலைமை வேறு.

1998 பிப்ரவரி 10-ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட எக்ஸ்.எம்.எல். முதற்பதிப்பு, ஓர் ஆவணத்திற்கு ஒரே ஒரு வேர்க்கூறு இருத்தல் வேண்டும் என விதித்தது. அகராதி என்ற கூறினுள் பதிவுகள், பதிவினுள் தலைச்சொல், இலக்கணக் குறிப்பு, பொருள் என ஒன்றனுள் ஒன்று அடங்கி நிற்க, அனைத்தையும் ஒரு வேர் தாங்கும். வேர் இரண்டாயின் அது ஆவணமன்று. வேரே இல்லையாயினும் ஆவணமன்று. இவ்விதிக்கு அதே வரையறையில் ஒரு விலக்கும் இருந்தது. ஆவணத்தின் பகுதிகளைத் தனிக் கோப்புகளில் வைத்து உள்ளிழுத்துக்கொள்ளலாம். அக்கோப்புகளில் பல கூறுகள் அடுத்தடுத்து வேரின்றி நிற்கலாம். திறந்த ஒவ்வொரு குறியும் முறையாக மூடப்பட்டிருந்தால் போதும். முழு ஆவணத்திற்கு 'நல்வடிவம்' என்றும், இத்தகைய துண்டிற்குச் 'சமநிலை' என்றும் இருவேறு சொற்கள் வழங்கலாயின. நிரல் நூலகங்களின் தொல்லை இவ்விரண்டிற்கும் இடையில்தான் தொடங்கிற்று.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இந்நிலை புதிதன்று. பரிபாடல் எழுபது என்பது மரபு; முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. எஞ்சியவற்றுள் சில பகுதிகள் உரைமேற்கோள்களிலும் புறத்திரட்டிலும் சிதறிக் கிடந்தன. அவை நூலினுள் எந்த இடத்தவை என உறுதிப்படாமையின் பதிப்புகளில் 'பரிபாடல் திரட்டு' என்ற தனிப்பகுதியாய் இறுதியில் நிற்கின்றன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. ஆயினும் கிடைத்த முதற்பகுதியை எவரும் முதற்பத்து என்று எண் மாற்றவில்லை. அது இரண்டாம் பத்தாகவே இன்றும் நிற்கிறது. இல்லாத கணுவின் இடத்தை இருப்பதாகவே காத்துவைத்த இப்பதிப்பு நெறி, பின்வரும் நூலகங்கள் பலவற்றினும் தெளிவானது எனலாம்.

உரிமையாளர் இல்லாத கணு இல்லை

1998 அக்டோபர் முதல் நாள் வெளிவந்த ஆவணப் பொருள் மாதிரி, சுருக்கமாக 'டாம்', ஆவண மரத்தை நிரல்கள் எவ்வாறு காண வேண்டும் என்பதற்கான முதற் பொது வரையறை. இதன்படி எக்கணுவும் ஓர் ஆவணத்தால் உண்டாக்கப்படுவது. மரத்திலிருந்து கழற்றிய பின்னும் அக்கணு தன் உரிமையாள ஆவணத்தின் பெயரைச் சுமந்தே இருக்கும். ஓர் ஆவணத்தின் கணுவை மற்றோர் ஆவணத்தில் செருக முயன்றால் 'தவறான ஆவணம்' என்ற பிழை எழும். இதற்குப் பரிகாரமாகப் பிற ஆவணக் கணுவைப் படியெடுத்துக்கொள்ளும் வழி 2000-ஆம் ஆண்டின் இரண்டாம் நிலையிலும், படியெடுக்காமல் உரிமையையே மாற்றிக்கொள்ளும் வழி 2004-ஆம் ஆண்டின் மூன்றாம் நிலையிலும் சேர்க்கப்பட்டன.

துண்டுகளுக்கென்று டாம் ஒரு தனிக் கணுவகையையும் வகுத்தது. 'ஆவணத் துண்டு' எனப்படும் அது ஒரு கூடை போன்றது. அதில் வேரற்ற கிளைகள் எத்தனையையும் இடலாம். கூடையை ஒரு மரத்தில் செருகினால் கிளைகள் மட்டும் மரத்தில் ஏறும். கூடை வெறுமையாய்ப் பின்தங்கும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் கூடை கிளைகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவை எங்கிருந்து வந்தன, எதன் கீழ் இருந்தன என்பதற்கு அதில் இடமில்லை. கோல்புரூக்கின் பட்டியல் இத்தகைய கூடை ஒன்றில்தான் கல்கத்தா வந்து சேர்ந்தது எனின் மிகையாகாது.

மரம் மாற்றும் மொழியான எக்ஸ்.எஸ்.எல்.டி. முதற்பதிப்பு 1999 நவம்பரில் வெளிவந்தது. அதில் துண்டுகளின் நிலை இன்னும் தாழ்ந்தது. ஒரு மாற்றத்தின் இடையில் உருவாகும் பகுதி மரத்திற்கு 'விளைவு மரத் துண்டு' என்று தனி வகை வைத்து, அதனுள் வழிச்சென்று தேடுதலை விலக்கிவிட்டனர். அதனைச் சரமாக வாசிக்கலாம், அல்லது அவ்வாறே படியெடுத்து விளைவில் சேர்க்கலாம். அதற்குமேல் எதுவும் செய்யவியலாது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்த ஏட்டைப் போன்றது அது. நிரலாக்கர் இதனைத் தாளமாட்டாமல் ஒவ்வொரு செயலியிலும் தனித்தனி நீட்சிகளை அமைத்துக்கொண்டனர். 2007 ஜனவரி 23-ஆம் நாள் வெளிவந்த இரண்டாம் பதிப்பு அவ்வகையையே நீக்கிற்று. அதே நாளில் வெளிவந்த தரவு மாதிரி வரையறை, வேரில் ஆவணக் கணு நிற்கும் மரத்தை ஆவணம் என்றும், வேறு கணு நிற்கும் மரத்தைத் துண்டு என்றும் பெயரிட்டு, இரண்டையும் மரங்களாகவே ஏற்றது. தனித்த பெயர்த்தொடரைக் கரும்பலகையில் வரையலாம் என்ற அளவிற்கு வர எக்ஸ்.எம்.எல். உலகிற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

மேனின் அகராதியைத் திருப்புதல்

மேன் தொகுத்த தென் அந்தமான் மொழி அகராதி 1923-இல் நூலாக வெளிவந்தது. அது ஆங்கிலத் தலைச்சொற்களை அகரவரிசைப்படுத்தி, ஆக்கா-பேயா நிகரன்களை எதிரே தருவது. அம்மொழியோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வழக்கிழந்தது. கேட்டுச் சரிபார்க்க எவரும் இலர். ஆகவே மேனின் அகராதி அம்மொழியின் சொல்வளத்திற்கு இன்றியமையாத சான்று. ஆனால் அச்சான்று ஆங்கில அகரவரிசையால் துண்டாடப்பட்டுக் கிடக்கிறது.

பெரிய அந்தமானிய மொழிகளில் உடற்பகுதி சார்ந்த முன்னொட்டுகள் அடிச்சொல்லோடு இணைந்து பொருளை நிறுத்துகின்றன. 'பேரிஙா' என்பது நன்மைப் பொருளது. கையைச் சுட்டும் 'உன்' சேர்ந்து 'உன்-பேரிஙா' எனின் திறமையாளன். கண்ணைச் சுட்டும் 'இக்' சேர்ந்து 'இக்-பேரிஙா' எனின் கூரிய பார்வையினன். வாயையும் நாவையும் சுட்டும் 'ஆக்கா' சேர்ந்து 'ஆக்கா-பேரிஙா' எனின் மொழிவல்லான். தலையும் நெஞ்சும் பற்றிய 'ஓத்' சேர்ந்து 'ஓத்-பேரிஙா' எனின் நற்பண்பினன். இந்நான்கும் ஓர் அடியின் கிளைகள். ஆங்கில அகரவரிசையிலோ நான்கும் நான்கு மூலைகளில் நிற்கின்றன. ஆக்கா-பேயா, ஆக்கா-போ என்னும் மொழிப்பெயர்களில் முன்னிற்பதும் அதே 'ஆக்கா' என்பதை இங்குக் கருதலாம். அன்விதா அப்பி பின்னாளில் வடபகுதி மொழிகளின் எச்சத்தை ஆராய்ந்து, இத்தகைய ஒட்டுகள் ஏழு உடற்பகுப்புகளாக அமைந்து இலக்கணம் முழுவதிலும் ஊடுருவி நிற்பதை 2013-இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் விரிவாகக் காட்டினார்.

இவ்வகராதியைத் திருப்பி ஆக்கா-பேயா அடிச்சொல் வரிசையில் அமைக்க விழைவோர் ஒவ்வொரு பதிவையும் வெட்டிப் பிரித்து, வேறொரு மரத்தில் ஒட்ட வேண்டும். ஆங்கிலத் தலைச்சொல் பொருள்விளக்கமாக இறங்கும். நிகரன் தலைச்சொல்லாக ஏறும். ஒரு நிகரனுக்கு மட்டும் உரியதா, பதிவு முழுமைக்கும் உரியதா என்று தெளிவுறாத குறிப்பு வருமிடத்தில் கை நிற்கிறது. அதனை எக்கிளையில் ஒட்டுவது?

நூற்குறியீட்டு முனைவு எனப்படும் டி.இ.ஐ. நெறிமுறைகளை வகுத்தோர் இத்தயக்கத்தை முன்னரே எதிர்நோக்கியிருந்தனர். 1994-இல் பழைய எஸ்.ஜி.எம்.எல். குறியீட்டில் வெளிவந்து, 2002-இல் எக்ஸ்.எம்.எல்.லுக்கு மாறி, 2007-இல் ஐந்தாம் பதிப்பாகத் திருத்தமுற்ற அந்நெறிமுறைகளின் அகராதி இயலில் ஒழுங்கான பதிவிற்கு ஒரு கூறும், ஒழுங்கிற்கு அடங்காத பதிவிற்கு மற்றொரு கூறும் உண்டு. இவற்றோடு பதிவினுள் அமைப்பு தீர்மானிக்கப்படாது நிற்கும் பகுதிக்கென்றே 'அகராதித் துணுக்கு' என்னும் கூறும் உண்டு. தீர்மானம் செய்ய இயலாத இடத்தில் செய்ததாகக் காட்டாமல் வைக்க ஓர் இடம் அது. சிதைந்த எழுத்திற்கு, தெளிவற்ற வாசிப்பிற்கு, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியதற்கு எனத் தனித்தனிக் கூறுகளும் அங்குள்ளன. ஏட்டுச் சுவடிப் பதிப்பாளர்க்கு இவற்றின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

பெற்றோரை அறியாத கூறு

டாம் மாதிரியின் கடுமையை வெறுத்த நிரலாக்கர் எளிய நூலகங்களை ஆக்கினர். 2000-ஆம் ஆண்டளவில் ஜாவா மொழிக்கென எழுந்த ஜேடாம் நூலகத்தில் ஒரு கூறு எந்த ஆவணத்தையும் சாராது தனித்துப் பிறக்கலாம். ஆயினும் ஒரே நேரத்தில் ஒரு பெற்றோர் மட்டுமே அதற்கு உண்டு. வேறிடத்தில் சேர்க்க முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

பைத்தான் மொழிக்கு ஃபிரெட்ரிக் லுண்ட் ஆக்கிய எலிமென்ட்ட்ரீ நூலகம் இன்னும் ஒரு படி சென்றது. 2006-இல் பைத்தானின் 2.5-ஆம் பதிப்பிலேயே அது இணைக்கப்பட்டமையால் பெருவழக்குப் பெற்றது. அதில் ஒரு கூறு தன் பிள்ளைகளை அறியும்; தன் பெற்றோரை அறியாது. மேல்நோக்கிய சுட்டு அதில் இல்லவே இல்லை. ஆகவே எந்தக் கூறும் இயல்பிலேயே ஒரு முழு மரம். 'துண்டு' என்ற தனி வகை அங்குத் தேவைப்படவில்லை. இன்னொரு வினோதமும் உண்டு: ஒரே கூறை இரண்டு பெற்றோரின் கீழ் வைத்தாலும் நூலகம் தடுப்பதில்லை. பிற்பாடு வந்த எல்எக்ஸ்எம்எல் என்னும் நூலகம் எலிமென்ட்ட்ரீயின் முகப்பைப் போற்றிக்கொண்டாலும் உள்ளே லிப்எக்ஸ்எம்எல்2 மரத்தையே கொண்டமையால், பெற்றோர்ச் சுட்டு திரும்ப வந்தது. இரண்டாம் இடத்தில் வைத்தவுடன் கூறு முதலிடத்திலிருந்து நகர்ந்துவிடும்.

இரு பெற்றோர் என்பது நிரலாக்கருக்கு வேடிக்கை. அந்தமான் அகராதிக்காரர்க்கு அது நடைமுறை. 1901 மக்கட்கணக்கெடுப்பில் 625 பேராக இருந்த பெரிய அந்தமானியர் 1961-இல் 19 பேராகக் குறைந்தனர். பின்னர் ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்ட எஞ்சியோர் ஜேரு, போ, கோரா, சாரி என்னும் வடபகுதி மொழிகளின் வழித்தோன்றல்கள். ஜேருவை அடியாகக் கொண்டு நான்கும் கலந்த ஒரு பொதுப்பேச்சே அவர்களிடை வழங்கியது. 2005 முதல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலிருந்து அப்பி நடத்திய ஆவணப்படுத்தும் திட்டம் பதிவு செய்ததும், 2012-இல் ஆங்கிலம், பெரிய அந்தமானியம், இந்தி என மும்மொழி அகராதியாக வெளிவந்ததும் இப்பேச்சே. இப்பேச்சில் வழங்கிய ஒரு சொல் போ மொழிக்கும் ஜேருவிற்கும் பொதுவெனில், மொழிவாரியாக அமைத்த ஆவண மரத்தில் அதன் பெற்றோர் யார்? இரண்டிடத்தும் படியெடுத்து வைத்தால், பின்னொரு நாளில் ஒரு படியைத் திருத்துவோர் மறுபடியை மறப்பர். ஓரிடத்தில் வைத்து மற்றோரிடத்தில் சுட்டு மட்டும் வைத்தால், சுட்டிய கிளையை மட்டும் வெட்டி எடுத்துச் செல்வோர்க்குச் சொல்லே கிட்டாது. இதற்கு மாசற்ற தீர்வு எந்த நூலகத்திலும் இல்லை.

களப்பணியாளர் பெரிதும் கையாளும் இலான் என்னும் செயலி இதனை வேறு வழியில் அணுகியது. நெதர்லாந்தில் நிம்வேகன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவான அதன் கோப்பு எக்ஸ்.எம்.எல். வடிவினதே. ஆயினும் வாக்கியத்தினுள் சொல், சொல்லினுள் உருபன் என அது அடுக்குவதில்லை. ஒவ்வொரு குறிப்பும் தனி வரிசையில் நின்று, தான் சார்ந்த மேற்குறிப்பின் எண்ணைச் சுட்டுகிறது. மரம் கோப்பின் வடிவில் இல்லை, சுட்டுகளில் உள்ளது. உருபன் பிரிப்பு நிறைவுறாத வாக்கியமும் பொருள் எழுதப்படாத சொல்லும் கோப்பைக் குலைப்பதில்லை. முதுமையுற்ற பேச்சாளர் பாதியில் நிறுத்திய கதையையும் அப்படியே வைக்கலாம்.

மொழிக்குறியின் இழப்பு

பெற்றோரை அறியாமைக்கு ஒரு விலை உண்டு. எக்ஸ்.எம்.எல்.லில் ஒரு பகுதி எம்மொழியது என்று காட்ட 'லாங்' என்ற பண்பு முதற்பதிப்பிலேயே வகுக்கப்பட்டது. மேற்கூறில் ஒருமுறை இட்டால் கீழுள்ள அனைத்திற்கும் அது பொருந்தும். அகராதியின் வேரில் ஆக்கா-பேயா என்று குறித்துவிட்டால் பல்லாயிரம் பதிவுகளில் திரும்பக் குறிக்க வேண்டுவதில்லை. மிகுந்த சிக்கனம். எந்தக் கணுவின் மொழியையும் அறிய நிரல் மேல்நோக்கி ஏறி, முதலில் எதிர்ப்படும் குறியை எடுத்துக்கொள்ளும். பெயர்வெளி எனப்படும் மற்றொரு ஏற்பாடும் இவ்வாறே மேலிருந்து மரபுரிமையாக இறங்குவது.

இப்போது ஒரு பதிவை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு தொகுப்பில் ஒட்டுக. மொழிக்குறி வேரிலேயே தங்கிவிட்டது. புதிய மரத்தின் வேரில் வேறு மொழி குறிக்கப்பட்டிருந்தால், வெட்டி வந்த சொல் ஓசையின்றி அம்மொழியினதாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் எழாது. ஆவணம் நல்வடிவம் உடையதே. சரிபார்க்கும் நிரல்களும் குறை காணா. மேனின் தென்பகுதி ஆக்கா-பேயாச் சொல், ஸ்ட்ரெயிட் தீவின் வடபகுதிக் கலப்புப் பேச்சின் அகராதியில் புகுந்து, 'பெரிய அந்தமானியம்' என்ற ஒரே பெயரின் கீழ் நின்றுவிடக்கூடும். ஒருவரும் எக்காலத்தும் பேசியிராத ஒரு மொழி அவ்வாறு உண்டாகும். எலிமென்ட்ட்ரீ போன்ற நூலகத்தில் கணு மேல்நோக்கி வினவவே இயலாதாகையால் வெட்டுமுன் மொழியை அறிந்து உடன்வைப்பதும் நிரலாளரின் தனிப்பொறுப்பாகிறது. அந்நூலகத்தில் ஒரு கூறுக்குப் பின்வரும் உரைப்பகுதி அக்கூறின் 'வாலாக' வைக்கப்படுகிறது. கூறை எடுத்தால் வாலும் உடன்வரும். மேலுள்ள மொழிப்பெயர் வராமல், பக்கத்திலுள்ள அரைப்புள்ளி மட்டும் தொற்றிக்கொண்டு வருவதைக் காண்பது அகராதிப் பணியில் புதிதன்று.

குறிகளின் நிலையும் அன்று வறியதே. 1998-இல் லாங் பண்பிற்கு வகுத்த மதிப்புகள் ஈரெழுத்து மொழிக்குறிகளையும், பதிவு செய்த சில குறிகளையும், தனியார் பயனுக்குரிய குறிகளையுமே அறிந்தவை. அந்தமான் மொழி ஒன்றிற்கும் ஈரெழுத்துக் குறி இல்லை. 2007-இல் வெளியான மூன்றெழுத்துத் தரத்தில்தான் ஆக்கா-பேயாவிற்கு ஏ.பி.ஜே. என்றும், ஜாரவாவிற்கு ஏ.என்.க்யூ. என்றும், கலப்புப் பெரிய அந்தமானியத்திற்கு ஜி.ஏ.சி. என்றும் தனித்தனிக் குறிகள் அமைந்தன. இணையத்தின் மொழிக்குறி விதிகள் அவற்றை ஏற்றது 2009-இல். 2010 ஜனவரியில் போவா மூதாட்டி மறைந்து, ஆக்கா-போ மொழியைப் பேச எவரும் இல்லாத நிலை ஏற்பட்டது. அம்மொழிக்குக் குறி கிடைத்துப் பேசுவோர் இருந்த காலம் மிகச் சிறிது.

சூழலை உடன் அனுப்பும் முயற்சி

துண்டோடு அதன் சூழலையும் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் வலைக் கூட்டமைப்பில் எழாமல் இல்லை. பால் குரோசோ, டேனியல் வெய்யார் ஆகிய இருவரும் பதிப்பித்த 'எக்ஸ்.எம்.எல். துண்டுப் பரிமாற்றம்' என்னும் வரைவு 2001 பிப்ரவரியில் பரிந்துரைக்கு முந்திய நிலையை அடைந்தது. அதன்படி ஒரு துண்டோடு ஒரு சூழற்குறிப்பு உடன் செல்லும். அது துண்டின் மூதாதைக் கூறுகளின் பெயரையும் பண்புகளையும், வேண்டுமாயின் அண்டைக் கூறுகளையும் வெற்றெலும்புக் கூடாக வரைந்து, துண்டு எவ்விடத்தில் பொருந்தும் என்பதை ஒரு குறியால் காட்டும். மூதாதையரின் உள்ளடக்கம் வராது. அவர்தம் பெயரும் இருப்பும் வரும். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து என்னும் எண்ணும் இதே வேலையைச் செய்கிறது.

அவ்வரைவு முழுப் பரிந்துரையாக என்றும் வெளிவரவில்லை. அதன் எண்ணம் மட்டும் நூலகங்களுள் புகுந்து தங்கிற்று. வெய்யார் ஆக்கிய லிப்எக்ஸ்எம்எல்2 நூலகத்தில் ஒரு துண்டை ஏற்கெனவே உள்ள ஒரு கணுவின் சூழலில் வைத்து, அங்கு வழங்கும் பெயர்வெளிகளையும் பிற அறிவிப்புகளையும் கொண்டு பகுத்தாயும் செயல் ஒன்று உண்டு. துண்டைத் தனியே வாசிக்காமல் 'இன்னார் வீட்டுப் பிள்ளை' என்று வாசிப்பது அது. ஆயினும் எந்தக் கணுவைச் சூழலாகக் கொடுப்பது என்பதை நிரலாளரே முடிவு செய்ய வேண்டும். பிறழ்ந்த வீட்டைக் காட்டினால் பிறழ்ந்த பெயரே விளையும்.

மொழிபெயர்ப்பாளர் கருதற்குரிய ஓர் எடுத்துக்காட்டு இங்குண்டு. 1877-இல் மேன், கிறித்தவரின் ஆண்டவர் செபத்தைத் தென் அந்தமான் மொழியில் பெயர்க்க, ரிச்சர்ட் கார்னாக் டெம்பிள் முன்னுரையும் குறிப்புகளும் சேர்த்துக் கல்கத்தாவில் வெளியிட்டார். அம்மொழியில் தொடர்ச்சியான உரையாக அச்சேறிய முந்தியவற்றுள் அது ஒன்று. அதிலுள்ள சொற்கள் ஆக்கா-பேயா. அதன் வாக்கியங்களின் வரிசையும் கருத்தும் வேறொரு நூலின் மரத்திலிருந்து வெட்டியவை. இன்று அதனைத் தரவுத்தொகுப்பில் சேர்ப்போர் மொழிக்குறியை மட்டும் இட்டால் போதாது. பெயர்ப்பு என்ற செய்தியும் மூலத்தின் இடமும் உடன் செல்லாவிடில், தொடரியல் ஆய்வாளர் அவ்வாக்கியங்களை ஒரு தீவுவாசி கூறிய கதையின் வாக்கியங்களோடு ஒருங்கே எண்ணிவிடுவர். பேச்சாளர் வாய்மொழியும் மொழிபெயர்ப்பாளர் ஆக்கமும் ஒரே கூடையில் கலந்தபின் பிரித்தறிய வழியில்லை.

போர்ட்மன் 1898-இல் வெளியிட்ட தென் அந்தமான் குழு மொழிகள் பற்றிய நூல் இவ்வகையில் கைகொடுக்கிறது. அவர் பேயா, பலே, புச்சிக்வார், ஜுவோய், கோல் ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டு, எவ்வடிவம் எம்மொழியது என்பதை ஒவ்வொன்றிற்கும் காட்டிச் சென்றார். அவருடைய ஆட்சிக்கால நடவடிக்கைகள் பற்றியும் அவர் மக்களை நோக்கிய விதம் பற்றியும் கடுமையாகச் சொல்ல நிறைய உண்டு. ஆயினும் மொழிப்பெயரைச் சொல்லோடு ஒட்டிவைத்த பழக்கத்தால் அவரது பக்கத்திலிருந்து எந்தத் துண்டை வெட்டினாலும் குறி உடன் வருகிறது. மேனின் நூலில் குறி தலைப்பில் மட்டும் இருக்கிறது. நிரல் வழக்கில் சொல்வதாயின், முன்னவர் பண்பை ஒவ்வொரு கணுவிலும் எழுதினார். பின்னவர் மரபுரிமையை நம்பினார்.

2020 ஏப்ரலில் ஆக்கா-சாரியின் கடைசிப் பேச்சாளரும் மறைந்தார். 2005-க்குப் பின் திரட்டிய ஒலிப்பதிவுகளில் எச்சொல் சாரி, எச்சொல் ஜேரு என்ற குறிப்புகள் எந்த அளவில் சொல்லோடு ஒட்டி எழுதப்பட்டுள்ளனவோ அந்த அளவிலேயே இனி அம்மொழிகள் வேறுபட்டுத் தோன்றும்.

கோல்புரூக்கின் பட்டியலை இன்று டி.இ.ஐ. முறையில் குறியிடுவோர்க்கு இரண்டு செயல்கள் முன்னிற்கின்றன. அச்சில் உள்ள தலைப்பைத் திருத்தாமல் அவ்வாறே வைத்தல் வேண்டும். அது 1790-களின் சான்று. ஒவ்வொரு சொல்லிலும் ஏ.என்.க்யூ. என்ற மொழிக்குறியை வேரில் விடாது நேரே இட்டு, அக்குறி பிற்கால அறிஞரின் தீர்ப்பு என்பதைப் பொறுப்புப் பண்பாலும், அத்தீர்ப்பின் உறுதியை உறுதிப் பண்பாலும் காட்டுதல் வேண்டும். அவ்வாறு எழுதிய கோப்பு, மேனின் சிக்கனமான முறையில் எழுதியதைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாகும். ஒவ்வொரு பதிவிலும் ஒரே குறி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, நிரலாளர் எவரேனும் அதனை வேருக்கு உயர்த்திக் கோப்பைச் சுருக்க முன்வரவும் கூடும்.